இஸ்திரியம்மா உட்காராத கட்டில்

“என் சர்வீஸ்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு நோயாளியோட கட்டில்ல நான் உட்கார்ந்தது கிடையாது. இனிமேலும் உட்கார மாட்டேன். குண்டு விழுந்தாக்கூட நின்னுக்கிட்டேதான் சாவேன்!”

கடல் கடந்து வந்து இறங்கிய மறுநாள் காலை, போர்க்கால மருத்துவமனையின் நான்காம் வார்டில் நட்டநடுவே நின்று அந்தத் தலைமை நர்ஸ் செய்த பிரகடனம் இது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் காலிலோ இடுப்பிலோ அடிபட்டவர்கள். எழுந்து போக முடியாத சபை. இப்படியொரு சபை வாய்ப்பதற்கு எத்தனையோ பேச்சாளர்கள் தவம் கிடக்கிறார்கள்.

அந்த வருடத்தில் உலகமெங்கும் பெரிய பெரிய பிரகடனங்கள் வெளியாகிக்கொண்டிருந்தன. போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். யாருக்கும் எந்தக் குறையும் வராது என்றார்கள். சொன்னவர்கள் மெத்தை போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். சொன்ன சொல்லை நின்றுகொண்டே காப்பாற்றியவர் என்று பார்த்தால், நான்காம் வார்டுத் தலைமை நர்ஸ் ஒருவர்தான் தேறுவார். அவர் கதையிலும் கடைசியில் ஒரு சறுக்கல் உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. குரல் ஆறடிக்குக் கொஞ்சம் அதிகம். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளை ஏப்ரன், அதில் குத்தியிருக்கும் கைக்கடிகாரம், தலையில் பறந்துவிடுமோ என்று பயப்பட வைக்கும் தொப்பி. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டுவிட்டால், ரத்த வாந்தியைப் பார்த்ததுபோல் ஓடி வருவார். உள்ளங்கையால் இரண்டு இழுப்பு. சுருக்கம் ஓடிவிடும். உள்ளே படுத்திருப்பவருக்கும் சேர்த்து இஸ்திரி போட்டதுபோல் இருக்கும். வந்த ஒரு வாரத்துக்குள் “இஸ்திரியம்மா” என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது தண்ணிக்காரர். வார்டுக்குத் தண்ணீர் சுமப்பது, தரை துடைப்பது, பெட்பேன் எடுப்பது ஆகிய மூன்று இலாகாக்களையும், வம்பு என்னும் நான்காவது இலாகாவையும் ஒருவராகவே கவனித்துக்கொண்ட நடுவயதுக்காரர் அவர்.

இஸ்திரியம்மா போர்முனைக்குப் பெயர் கொடுத்த செய்தி வீட்டுக்குத் தெரிந்தபோது அண்ணிதான் முதலில் வாய் திறந்தார்.

“பார்த்த மாப்பிள்ளையெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு இப்ப சண்டைக்குப் போறாளாம். ஏன், இந்த வீட்டுல நடக்கற சண்டை போதலையாமா?”

“இது பழகிப் போச்சு அண்ணி. வேற ஊருச் சண்டை எப்படின்னு பார்த்துட்டு வரேன்” என்றார் இவர்.

அண்ணன் பெட்டிக்குக் கயிறு கட்டுகிறேன் என்று கட்டிய கயிற்றையே திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் ஏறியதும் இவருக்குக் குமட்டல் ஆரம்பித்தது. இறங்கும் வரை நிற்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாந்திக்கும் நடுவில் எழுந்து, தன் படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளையும் மடித்துச் செருகிவிட்டுத்தான் அடுத்த வாந்திக்குப் போனார் என்று கூட வந்த சின்ன சிஸ்டர் சத்தியம் செய்கிறாள்.

மருத்துவமனை என்று காட்டப்பட்டது ஒரு பழைய துறைமுகக் கிடங்கு. தூண்களில் “கொக்கி போடாதே” என்றும், “தலைகீழாக வைக்காதே” என்றும் சரக்கு இறக்குபவர்களுக்காக எழுதிய பழைய எழுத்துக்கள் அப்படியே இருந்தன. பக்கத்தில் கோப்பைப் படம், மேல்நோக்கிய அம்புக்குறி. அவற்றை அழிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நோயாளிகளைக் கையாள்வதற்கு இதைவிட நல்ல விதிமுறை மருத்துவப் புத்தகத்திலேயே இல்லை என்று பதில் சொல்லி, இஸ்திரியம்மா அழிக்க விடவில்லை. தகரக் கூரை. வெயில் அடித்தால் வார்டு வாணலி. மழை பெய்தால் பேச்சு கேட்காது; எல்லோரும் ஊமைகள்போல் சைகை காட்டிக்கொள்வார்கள்.

காலையில் அவர் வார்டுக்குள் காலடி வைத்தால் முதல் வேலை கட்டில்கள். கட்டிலுக்குச் சக்கரம் இருந்தால் அது உட்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் பார்வையிட வரும் அதிகாரிக்குப் பிடிக்காதாம். ஏன் பிடிக்காது என்று யாருக்கும் தெரியாது. அதிகாரிக்கும் தெரியாது என்பது தண்ணிக்காரரின் அபிப்பிராயம். அதன்பின் காயம் கழுவுதல், கட்டு மாற்றுதல், கொதிக்கும் தண்ணீரில் ஊசிகளைப் போடுதல், கையில் கட்டுள்ளவர்களுக்கு மூக்கு வைத்த கோப்பையில் கஞ்சி ஊற்றுதல், ஊருக்குப் போகணும் என்று அடம் பிடிப்பவர்களை அதட்டுதல், அதட்டிய கையோடு தலையணையைத் திருப்பிப் போட்டுக் குளிர்ந்த பக்கத்தைக் கொடுத்தல். இது எல்லாமே நின்றபடி. மாலையில் தன் அறைக்குப் போய்த் தகரப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, வீங்கிய பாதங்களை எனாமல் பேசினில் உப்புத்தண்ணீர் ஊற்றி அமிழ்த்திக்கொள்வார். அறையில் அவருடைய மடக்குக் கட்டில் காலியாகத்தான் இருக்கும். அதன்மேலும் உட்கார மாட்டார்.

“அது உங்க கட்டில்தானே சிஸ்டர்? அதுல உட்கார்ந்தா என்னவாம்?” என்று சின்ன சிஸ்டர் ஒருமுறை கேட்டுவிட்டாள்.

“பழக்கம் கெட்டுப் போயிடும்” என்றார் இவர்.

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கையல்ல. இவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அப்பா நோயில் விழுந்ததும் அது அவருக்கென்று ஆயிற்று. பார்க்க வந்த சொந்தபந்தம் அத்தனையும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தது. உட்கார்ந்து காபி குடித்தது, யார் வீட்டுப் பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசி முடித்தது. அப்பாவுக்கு மிஞ்சியது சுவரோரம் ஒரு சாண். பெரியப்பா ஒருவர் அப்பாவின் காலின்மேலேயே உட்கார்ந்துகொண்டு, “எப்படிடா இருக்கே?” என்று விசாரித்தபோது சின்னப் பெண் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். முதுகில் இரண்டு விழுந்தது. அன்றைக்கு வந்த வைராக்கியம். “நோயாளிக்குன்னு இந்த உலகத்துல மிச்சம் இருக்கறது ஆறடி மெத்தை. அதுலயும் பங்கு கேட்டா எப்படி?” என்பது அவர் கட்சி. கட்சியில் உறுப்பினர் ஒருவர்தான். ஆனால் கட்டுக்கோப்பான கட்சி.

எதிர்க்கட்சி கண் டாக்டர்.

அவர் நல்ல கனமான மனிதர். எந்தக் கட்டிலருகே போனாலும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடித்துக்கொண்டே கண்ணைப் பார்ப்பார். தூள் விரிப்பில் கொட்டும். இஸ்திரியம்மா பின்னாலேயே போய் அவர் தோளை இரண்டு விரலால் தட்டுவார். டாக்டர் எழுந்திருப்பார். அவர் முழுசாக நிமிர்வதற்குள் விரிப்பு நேராகியிருக்கும். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போவார், பொத். மறுபடி இரண்டு விரல். இப்படியே வார்டு முழுவதும். சிகிச்சையைவிட இந்த ஊர்வலத்தைப் பார்க்கத்தான் நோயாளிகள் ஆவலாகக் காத்திருந்தார்கள்.

“சிஸ்டர், நின்னுக்கிட்டுப் பார்த்தா நான் நோயாளிக்குப் போலீஸ்காரன் மாதிரி தெரிவேன்” என்பார் டாக்டர்.

“உட்கார்ந்து பார்த்தா கடன் கேட்க வந்தவர் மாதிரி தெரியறீங்க” என்பார் இவர்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் பெயிண்டர் வந்து சேர்ந்தார்.

பட்டாளத்தில் அவருக்குத் துப்பாக்கி வேலை இல்லை. லாரிகளுக்கு எண் எழுதுவதும், சாலைகளுக்குப் பலகை எழுதுவதும்தான் உத்தியோகம். “ஜாக்கிரதை” என்று ஒரு பெரிய பலகை எழுத ஆரம்பித்து, முதல் எழுத்தை முடித்துவிட்டு, அழகாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டடி பின்னால் போனார். அப்போதுதான் பக்கத்துப் பள்ளத்தில் ஏதோ வெடித்தது. கல்லும் மண்ணும் முகத்தில் அறைந்தன. முகத்தை மறைக்கத் தூக்கிய இரண்டு கைகளும் கிழிந்து, மணிக்கட்டு வரை கட்டு. கண்கள் இரண்டிலும் கட்டு.

கண் டாக்டர் வலது கண்ணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இடது கண்ணைப் பற்றித்தான் பேசினார். அன்றைக்கு அவர் பிஸ்கட் தின்னவில்லை.

“உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்கு, சிஸ்டர். மல்லாந்து படுத்த மேனிக்கு, தலை அசையாம இருந்தா மெதுவா தெளியும். வெடுக்குனு ஒரு தடவை திரும்பினாலும் மறுபடி கசியும். அப்புறம் நான் இருந்தும் பிரயோஜனமில்லை.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நான் கட்டு அவிழ்க்கற வரைக்கும்.”

தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்தார்கள். தலையணையை எடுத்துவிட்டார்கள். பெயிண்டருக்கு விஷயம் விளக்கப்பட்டது.

“புரிஞ்சுதா தம்பி?” என்றார் இஸ்திரியம்மா.

பெயிண்டர் புரிந்தது என்று பலமாகத் தலையாட்டினார்.

வார்டே அலறியது. டாக்டர் பாய்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். நல்லவேளை, மணல் மூட்டை பாதி ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டது. ஆனால் ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் வாயைவிடத் தலையால் அதிகம் பேசுகிறவர். சரி என்றால் மேலும் கீழும். இல்லை என்றால் பக்கவாட்டில். பார்க்கலாம் என்றால் இரண்டுக்கும் நடுவே வட்டமாக ஒன்று. சும்மா இரு என்று அவரிடம் சொல்வது, கொதிக்கிற பாலைப் பொங்காதே என்று கெஞ்சுகிற மாதிரி.

இஸ்திரியம்மா உடனே ஒரு சட்டம் போட்டார். பெயிண்டரிடம் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. கேள்வி கேட்டால்தானே பதில்? பசிக்குதா, வலிக்குதா, தூங்கினீங்களா, எல்லாம் தடை. “கஞ்சி வருது. வாயைத் திற” என்று அறிவிக்க வேண்டும். தகவல் மட்டும், விசாரணை கிடையாது. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த லாரி டிரைவர், பழக்க தோஷத்தில், “என்னண்ணே, சரிதானே?” என்று முடிக்கிற ஒவ்வொரு பேச்சுக்கும் இஸ்திரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் பேச்சையே விட்டுவிட்டார்.

அங்கேதான் தப்பு நடந்தது. வார்டு கப்சிப் என்று ஆனதும் புது ஆபத்து முளைத்தது. இருட்டுக்குள் கிடக்கும் மனிதருக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. காலடிச் சத்தம் வரும்போது பேசாமல் கிடந்தார். அது விலகிப் போகும்போது அவரையும் அறியாமல் தலை அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. போகிறவர்களின் பின்னாலேயே போய்விடும் தலை. மணல் மூட்டை தடுக்கும். கழுத்து நரம்பு புடைக்கும்.

இஸ்திரியம்மா ஒரு நாற்காலியைக் கட்டிலருகே போட்டுச் சின்ன சிஸ்டரை உட்கார வைத்தார்.

“இருக்கீங்களா?” என்றார் பெயிண்டர்.

“இருக்கேன்.”

கொஞ்ச நேரம் போயிற்று.

“இருக்கீங்களா?”

“இருக்கேங்க.”

சாயங்காலத்துக்குள் சின்ன சிஸ்டருக்குத் தான் இருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் கட்டு. தோளைத் தொட்டால் திடுக்கிட்டார். அது இன்னும் மோசம்.

மறுநாள் கண் டாக்டர் வந்தார். வழக்கம்போல் பொத்தென்று உட்கார்ந்தார். இஸ்திரியம்மா தோளைத் தட்டக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பெயிண்டரின் கழுத்து நரம்பு அடங்கியிருந்தது. முகம் தளர்ந்திருந்தது. டாக்டர் எதையோ உளறிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் தலை, செதுக்கி வைத்த கல் மாதிரி கிடந்தது.

“பார்த்தீங்களா சிஸ்டர்? கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தா, பக்கத்துல ஆள் இருக்குன்னு உடம்புக்கே தெரிஞ்சுடும். காது நம்பாது. முதுகு நம்பும்” என்றார் டாக்டர்.

“கட்டில் தாழணும், அவ்வளவுதானே?” என்றார் இஸ்திரியம்மா.

டாக்டர் போனதும் தண்ணிக்காரரை அனுப்பி, சமையல்கூடத்திலிருந்து ஒரு மாவு மூட்டையை வரவழைத்தார். சமையல்கூடச் சிஸ்டர் மாவு மூட்டைக்கு என்ன வியாதி என்று விசாரித்துக் கொண்டே பின்னால் வந்தார். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற தோரணை. மூட்டையைக் கட்டில் விளிம்பில் வைத்தார்கள். கட்டில் தாழ்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பெயிண்டர் அமைதியாகக் கிடந்தார். இஸ்திரியம்மா வெற்றிப் பார்வை ஒன்றை வார்டு முழுக்கச் சுழலவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெயிண்டர் மெல்லிய குரலில் சொன்னார்:

“சிஸ்டர், இங்க உட்கார்ந்திருக்கறவருக்கு என்னமோ ஆயிடுச்சு. ரொம்ப நேரமா மூச்சு விடலை.”

வயிற்றில் தையல் போட்டவர்கள் சிரிக்கக்கூடாது என்பது வார்டு விதி. அன்று அந்த விதியை மீறாதவர் யாருமில்லை. மாவு மூட்டை திரும்பிப் போயிற்று.

“ஏம்மா, நான் வேணா உட்கார்றேனே” என்றார் தண்ணிக்காரர்.

“நீ இன்னிக்கு உட்காருவே. நாளைக்கு மத்த கட்டில்லயும் உட்காருவே. அடுத்த வாரம் படுத்துக்குவே. டாக்டர் வந்து உட்கார்றார் இல்லே, அது போதும். நடுவுல நான் பக்கத்துல நின்னுக்கறேன்.”

நின்றார். மற்ற வேலைகளை விரட்டி விரட்டி முடித்துவிட்டு வந்து, கட்டிலின் கம்பியை முழங்காலால் ஒட்டி நின்றுகொள்வார். பாதம் தெறிக்கும். ஏப்ரனுக்குள் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொள்வார். நிற்பவரின் கனம் தரைக்குத்தான் போகிறது, மெத்தைக்குப் போவதில்லை என்கிற இயற்கை விதியைத் தன் பிடிவாதத்தால் மாற்றிவிடலாம் என்று நம்பினார் போலும். இயற்கை அசையவில்லை. பெயிண்டரின் கழுத்துதான் அசையப் பார்த்தது.

இந்தச் சமயம் பார்த்துக் கண் டாக்டரை முன்னணி முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எப்போது திரும்புவார் என்று யாரும் சொல்லவில்லை. போகும்போது அவர், “அந்த இடது கண்ணு உங்க பொறுப்பு, சிஸ்டர்” என்று மட்டும் சொன்னார். இன்னொன்றும் சொல்ல வந்தார். இஸ்திரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அதை விழுங்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம், கஞ்சி ஊற்றும் வேளையில், சைரன் ஊதியது.

அதற்குமுன் ஊதிய சைரன்களெல்லாம் ஊதிவிட்டு ஓய்ந்துவிடும். அன்றைக்கு ஊதி முடிப்பதற்குள் தொலைவில் திம் திம் என்று கேட்கத் தொடங்கியது. நடக்க முடிந்தவர்கள் ஊன்றுகோலோடு பதுங்குகுழிக்கு நடந்தார்கள். மற்றவர்களைத் தண்ணிக்காரரும் சமையல்கூட ஆட்களும் ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். இஸ்திரியம்மா நடுவில் நின்று, “அவரை முன்னாடி தூக்கு! இடுப்பைப் பிடி! நீ எங்கடா செருப்பைத் தேடறே, வெறுங்காலோட போ!” என்று வார்டைக் காலி செய்தார். லாரி டிரைவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர், “அண்ணனை?” என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். தூக்கினால் தலை ஆடும். தலை ஆடினால் கண் போகும். இஸ்திரியம்மா, “அவர் என்கூட இருக்கார்” என்றார்.

சின்ன சிஸ்டர் வாசலில் தயங்கினாள். “நீங்க வாங்க சிஸ்டர்.”

“அங்க இருக்கறவங்களுக்கு யார் இருக்கா? ஓடு.”

எல்லாக் காலடிகளும் ஒரே சமயத்தில், ஒரே திசையில், விலகிப் போயின. பெயிண்டருக்கு ஆகவே ஆகாத சத்தம் அது. தூரத்துத் திம் திம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில் வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. எங்கோ ஒரு கோப்பை தரையில் விழுந்து உருண்டது.

பெயிண்டரின் தோள்கள் மெத்தையைவிட்டு எழும்பின.

“தம்பி, நான் இங்கதான் இருக்கேன். அசையாதே.”

“எல்லாரும் போயிட்டாங்க.”

“நான் போகலை. இதோ, பக்கத்துல நிக்கறேன்.”

“நிக்கறேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர். அப்புறம் செருப்புச் சத்தம்தான் கேக்குது.” கழுத்து நரம்பு கயிறாக முறுக்கிக்கொண்டது. கட்டுப் போட்ட கையை ஊன்றினார். மணல் மூட்டை ஒன்று சரிந்தது. தலை எழும்ப ஆரம்பித்தது.

அடுத்து நடந்ததற்குச் சாட்சி கிடையாது. பெயிண்டருக்குக் கண்ணில் கட்டு. கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது என்பது மட்டுமே அவர் வாக்குமூலம்.

தலை மெத்தையில் படிந்தது.

அதன்பின் கிடங்கின் பின்புறம் எங்கோ ஒரு பெரிய சத்தம் கேட்டது. கூரையிலிருந்து தூசி, பெயிண்டர் மேல், புது விரிப்பின் மேல், தொப்பியின் மேல் எல்லாம் கொட்டியது. தலை அசையவில்லை.

“யாரு? டாக்டரா?” என்றார் பெயிண்டர் சற்றுப் பொறுத்து. “இல்லையே. டாக்டர் உட்கார்ந்தா நான் அவர் பக்கமா உருளப் பார்ப்பேன். இது கனம் கம்மி.”

“வாயை மூடிக்கிட்டுப் படு.”

“சிஸ்டர்! நீங்களா? நீங்க உட்கார்ந்திருக்கீங்களா?”

“இல்லை.”

“அப்ப கட்டில்...?”

“கட்டில் கால் ஆடுதான்னு பார்க்கறேன்.”

“ஆடுதா சிஸ்டர்?”

“பார்த்துக்கிட்டு இருக்கேன். கேள்வி கேட்காதே.”

சைரன் மறுபடி ஊதி ஆபத்து நீங்கியதாகச் சொல்லும் வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டில் காலை இவ்வளவு தீர விசாரித்தவர்கள் தச்சர்களிலேயே குறைவு.

முதலில் திரும்பி வந்தவர் தண்ணிக்காரர். வாசலில் நின்றார், பார்த்தார், ஓசைப்படாமல் இரண்டடி பின்னால் போனார், தொண்டையைப் பலமாகக் கனைத்துக்கொண்டு புதிதாக வருவதுபோல் வந்தார். அதற்குள் இஸ்திரியம்மா எழுந்து நின்று விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கட்டில் கால் சரியில்லை. தினமும் ஒரு பார்வை பார்க்கணும்” என்றார், தண்ணிக்காரரின் முகத்தைப் பார்க்காமல்.

“ஆமாம்மா. எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்தான்” என்றார் அவர், கேள்வி ஏதும் கேட்காமல்.

நான்காவது இலாகாவின் சுறுசுறுப்பால் மறுநாள் காலைக்குள் வார்டு முழுக்கத் தகவல் தெரிந்துவிட்டது. சட்டச் சிக்கலும் எழுந்தது. பிரகடனம் மீறப்பட்டதா இல்லையா? இரண்டு காலிலும் கட்டுப்போட்டிருந்த ஒரு பட்டாளத்துச் சமையல்காரர் மீறல்தான் என்றார். லாரி டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“லாரிக்கு அடியில படுத்து ரிப்பேர் பார்க்கறேன். அதுக்காக ரோட்டுல படுத்துத் தூங்கினேன்னு எழுதுவியா? வேலை விஷயமா உட்கார்ந்தது உட்கார்ந்ததுல சேராது.”

இந்த வாதம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பிரகடனம் அப்படியே நீடிப்பதாக ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. அன்று முதல் தினமும் மத்தியானம் கஞ்சிக்கோப்பைகள் கழுவப் போன பின் இஸ்திரியம்மா பெயிண்டரின் கட்டில் காலைச் சோதிக்க வருவார். அந்த நேரத்தில் வார்டு மொத்தமும் கூரையைப் பார்த்தது. கூரையில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் பார்வையிட வந்த அதிகாரியும் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் சோதனை முடிந்துவிட்டது.

அந்த நேரங்களில் பெயிண்டர் மெல்லப் பேசுவார். ஊரில் எந்தக் கடைக்கு என்ன நிறத்தில் எழுதினார், எந்தக் கடைக்காரர் எழுத்தைப் பெரிசாக்கச் சொல்லிப் பலகையைவிட்டு வெளியே தள்ளினார் என்றெல்லாம். ஒரே ஒருநாள், “கண்ணு வரலேன்னா, சிஸ்டர், எனக்கு வேற எதுவும் தெரியாது” என்றார். இஸ்திரியம்மா சோதனையை அன்று கொஞ்சம் நீட்டித்தார்.

கண் டாக்டர் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் பையில் பிஸ்கட் இருந்தது. வந்ததும் நேராகப் பெயிண்டரின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தார். ஜன்னல்களுக்குப் போர்வை மாட்டி வெளிச்சத்தைக் குறைத்தார்கள். வார்டில் எழுந்து நிற்க முடிந்தவர்களெல்லாம் சுற்றி நின்றார்கள். சமையல்கூடச் சிஸ்டர் கரண்டியோடு வந்திருந்தார். இஸ்திரியம்மா கால்மாட்டில், கையில் மடித்த விரிப்புடன் நின்றார். அந்த விரிப்பை யாரும் கேட்கவில்லை. அதற்கு அங்கே வேலையும் இல்லை.

டாக்டர் கட்டைச் சுற்று சுற்றாக அவிழ்த்தார். வலது கண்மேல் பஞ்சை வைத்து மூடினார். இடது இமை ஒட்டிக்கிடந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தார்.

“மெதுவா திற. அவசரமில்லை.”

இமை திறந்தது. மூடியது. நீர் வழிந்தது. மறுபடி திறந்தது. டாக்டர் இரண்டு விரலை உயர்த்தினார்.

“எத்தனை?”

பெயிண்டர் வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

“ரெண்டு. நகம் வெட்டணும், டாக்டர்.”

அப்போது எழுந்த கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்து என்ன விபத்து என்று கேட்டார்கள். சின்ன சிஸ்டர் அழுதாள். லாரி டிரைவர் தன் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடினார். பெயிண்டர் ஒற்றைக் கண்ணால் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். குரல் மட்டும் தெரிந்த மனிதர்களின் முகங்கள்.

“இதுல சிஸ்டர் யாரு?” என்றார். பதிலுக்குக் காத்திராமல், அந்தக் குரலுக்கு ஏற்ற உயரத்தில் கரண்டியும் கையுமாக நின்ற சமையல்கூடச் சிஸ்டரைப் பார்த்து, “நீங்கதானே?” என்று முகம் மலர்ந்தார்.

தண்ணிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இஸ்திரியம்மாவும் வாயைத் திறந்தார். ஆறடிக் குரலுக்கு என்ன நேர்ந்ததோ, காற்றுதான் வந்தது. சரிசெய்ய இரண்டு முறை முயன்று பார்த்தார். தொழில்நுட்பக் கோளாறு நீங்கவில்லை.

கையிலிருந்த விரிப்பைக் கட்டில் கம்பியில் போட்டார். சுற்றிக்கொண்டு வந்து டாக்டரின் தோளை இரண்டு விரலால் தட்டினார். டாக்டர் வழக்கம்போல் எழுந்து ஒதுங்கி, விரிப்பை நேராக்க இடம்விட்டு நின்றார். வார்டு, பழகிய பழக்கத்தில், கூரையைப் பார்க்கத் தலையைத் தூக்கியது. தூக்கிய தலைகள் பாதியிலேயே நின்றுவிட்டன. ஏனென்றால் அவர் கட்டில் காலைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் எழுந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். மெத்தை கொஞ்சமாகத் தாழ்ந்தது.

பெயிண்டர் சமையல்கூடச் சிஸ்டரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். பார்த்தார்.

“இவ்வளவு குட்டையா?” என்றார்.

விரிப்பில் ஒரு பெரிய சுருக்கம் விழுந்திருந்தது. இஸ்திரியம்மா அதைப் பார்த்தார். அதன்மேல் இன்னும் வசதியாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.